பரிசுப் புள்ளி யாருக்குச் சொந்தம்?

ஒரே டெலிபோனில் போன கணக்கு! சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறிய வழக்கு!

2008-ம் ஆண்டு ஜூன் மாதம்.

அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில் வசித்த ஒரு யூத மதகுருவுக்கு டெலிபோன் வந்தது. பேசியவர், "நார்த்வெஸ்ட்" என்ற விமானக் கம்பெனியின் ஊழியர்.

கம்பெனியின் பரிசுத் திட்டத்தில் இருந்து மதகுருவை நீக்கிவிட்டதாக ஊழியர் தெரிவித்தார்.

அவ்வளவுதான். 9 ஆண்டுக் கணக்கு முடிந்தது!

யார் இவர்?

மதகுருவின் பெயர் ஜின்ஸ்பர்க். அடிக்கடி விமானத்தில் போகிறவர். 1999-ம் ஆண்டில் அவர் அந்தப் பரிசுத் திட்டத்தில் சேர்ந்தார்.

அது என்ன திட்டம்?

அந்தக் கம்பெனியின் விமானத்தில் போகப் போக, உறுப்பினரின் கணக்கில் "மைல்கள்" ஏறிக்கொண்டே இருக்கும். சேர்ந்த மைல்களைக் கொடுத்து இலவச டிக்கெட் வாங்கலாம். உயர்ந்த வகுப்புக்கு மாறி உட்காரலாம்.

ஜின்ஸ்பர்க் நிறையப் பயணம் செய்தார். 2005-ம் ஆண்டில் அவருக்குப் "பிளாட்டினம்" தகுதி கிடைத்தது. திட்டத்தில் அது மேல் படி.

அந்த மேல் படியில் இருந்தவரைத்தான் கம்பெனி வெளியேற்றியது.

என்ன குற்றம்?

ஜின்ஸ்பர்க் காரணம் கேட்டார். கம்பெனி எழுத்து மூலம் பதில் அனுப்பியது.

2007 டிசம்பர் 3-ந் தேதிக்குப் பிறகு 24 முறை அவர் குறை சொல்லி வந்தாராம். அதில் 9 முறை, "என் பெட்டி தாமதமாக வந்தது" என்ற குறையாம். நஷ்டஈடாக அவருக்கு 1,925 டாலர் மதிப்புள்ள பயணச் சீட்டுகளும், 491 டாலர் ரொக்கமும், 78,500 மைல்களும் கொடுத்தாகிவிட்டதாம். அளவுக்கு மீறிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

திட்டத்தை அவர் தவறாகப் பயன்படுத்தினார் என்பது கம்பெனியின் வாதம்.

"அது காரணம் அல்ல. கம்பெனி இப்போது 'டெல்டா' என்ற வேறொரு கம்பெனியுடன் சேர்கிறது. செலவைக் குறைக்க என்னைப் போன்றவர்களைக் கழித்துவிடுகிறார்கள்" என்பது ஜின்ஸ்பர்க்கின் வாதம்.

அவர் கோர்ட்டுக்குப் போனார்.

கோர்ட்டில் நடந்தது

வழக்கு 3 கோர்ட்டுகளைப் பார்த்தது.

முதல் கோர்ட்டில் தோல்வி. அப்பீல் கோர்ட்டு, "வழக்கை நடத்தலாம்" என்றது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது.

2014 ஏப்ரல் 2-ந் தேதி தீர்ப்பு வந்தது. 9 நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாமுவேல் அலிட்டோ.

ஜின்ஸ்பர்க் தோற்றார்!

ஏன் தோற்றார்?

"ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் நாணயமாக நடக்க வேண்டும். கம்பெனி நாணயமாக நடக்கவில்லை" என்று அவர் வாதாடினார். ஆனால் நாணயமாக நடக்கும்படி சொல்லும் அந்த விதி, மின்னசோட்டா மாநிலம் விதித்த விதி. விமானக் கம்பெனிகளின் கட்டணத்திலும் சேவையிலும் மாநிலங்கள் தலையிடக்கூடாது என்று 1978-ம் ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் செய்திருந்தது. அந்தச் சட்டம் குறுக்கே வந்துவிட்டது.

24 புகாரில் எது நியாயம், எது அநியாயம் என்று சுப்ரீம் கோர்ட்டு ஆராயவே இல்லை. அந்தக் கேள்விக்கே இடம் இல்லாமல் வழக்கு முடிந்தது.

அந்த ஒரு வரி

"கம்பெனி ஒப்பந்தத்தை மீறியது" என்றும் ஜின்ஸ்பர்க் சொல்லி இருந்தார். அந்த வாதம் முதல் கோர்ட்டிலேயே அடிபட்டுவிட்டது.

காரணம், திட்டத்தின் நிபந்தனைகளில் இருந்த ஒரு வரி. உறுப்பினர் திட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தினாரா, இல்லையா என்பதைக் கம்பெனியே தன் விருப்பப்படி முடிவு செய்யலாம் என்பது அதன் பொருள்.

குற்றம் சாட்டுவதும் கம்பெனி. தீர்ப்புச் சொல்வதும் கம்பெனி!

இந்த வரி அமெரிக்காவுக்கு மட்டும் உரியது அல்ல. இன்று தமிழ்நாட்டில் மளிகைச் சாமான் வாங்கும் பெரிய கடைகளிலும், பெட்ரோல் பங்கிலும், கிரெடிட் கார்டிலும், செல்போன் மூலம் பொருள் வாங்கும் கடைகளிலும் பரிசுப் புள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். "முன்னறிவிப்பு இல்லாமல் கணக்கை நிறுத்தலாம், ரத்து செய்யலாம்" என்ற வரியைப் பல திட்டங்களில் காணலாம்.

சேரும்போது யாரும் அதைப் படிப்பது இல்லை. "சம்மதம்" என்ற இடத்தில் விரலை வைத்து அழுத்திவிடுகிறார்கள்.

பச்சை ஸ்டாம்பு

வாடிக்கைக்காரருக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் புதியது அல்ல.

1896-ம் ஆண்டில் அமெரிக்காவில் "ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன்" என்ற கம்பெனி தொடங்கியது. கடைகளுக்கு அது பச்சை நிற ஸ்டாம்புகளை விற்றது. கடைக்காரர் அவற்றைத் தன் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பார். குடும்பத் தலைவி அவற்றை ஒரு சிறு புத்தகத்தில் ஒட்டி வைப்பாள். புத்தகம் நிறைந்ததும் அதைக் கொடுத்துப் பாத்திரமோ, விளக்கோ வாங்கிக்கொள்வாள்.

1981 மே மாதத்தில் "அமெரிக்கன் ஏர்லைன்ஸ்" விமானக் கம்பெனி மைல் கணக்குத் திட்டத்தை ஆரம்பித்தது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதுதான் முக்கியம்.

பச்சை ஸ்டாம்புப் புத்தகம் வீட்டு அலமாரியில் இருந்தது. அதை யாரும் வெளியூரில் உட்கார்ந்துகொண்டு பூட்ட முடியாது.

இன்றைய புள்ளிகள் வாடிக்கைக்காரர் வீட்டில் இல்லை. கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. புள்ளி உங்கள் பெயரில். நோட்டு அவர்கள் கையில்!

இலவசமா?

"புள்ளிகள் நாங்கள் கொடுக்கும் இனாம். அவற்றுக்குப் பண மதிப்பு கிடையாது" என்று பல கம்பெனிகள் நிபந்தனையில் எழுதுகின்றன.

உண்மையில் இனாம்தானா?

கம்பெனிகளின் கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது.

இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகளுக்கு ஒரு புதிய கணக்கு முறை அமலுக்கு வந்தது. 1,000 ரூபாய்க்குச் சாமான் விற்று, அதற்குப் புள்ளியும் கொடுத்தால், 1,000 ரூபாயையும் அன்றைக்கே வருமானமாக எழுதிவிட முடியாது. புள்ளிக்கு உரிய பங்கைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். வாடிக்கைக்காரர் புள்ளியைப் பயன்படுத்தும்போதோ, அது காலாவதி ஆகும்போதோதான் அந்தத் தொகையை வருமானத்தில் சேர்க்கலாம். எத்தனை பேர் புள்ளியைக் கேட்டு வரமாட்டார்கள் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

அப்படி என்றால் என்ன பொருள்?

வாடிக்கைக்காரர் கொடுத்த 1,000 ரூபாயிலேயே புள்ளியின் விலையும் அடங்கி இருக்கிறது! கேட்காமல் விட்ட புள்ளி, கம்பெனிக்கு வருமானம்.

இன்னொரு செய்தி:

2020-ம் ஆண்டில் கொரோனா நோயால் விமானங்கள் தரையில் நின்றன. "யுனைடெட்" விமானக் கம்பெனிக்குப் பணம் தேவைப்பட்டது. எதை அடமானம் வைத்தது? தன் பரிசுத் திட்டத்தை! கிடைத்த கடன் 680 கோடி டாலர். 2021 மார்ச்சில் "அமெரிக்கன் ஏர்லைன்ஸ்" தன் மைல் திட்டத்தைக் காட்டி 1,000 கோடி டாலர் திரட்டியது.

இவ்வளவு மதிப்பு எங்கே இருந்து வந்தது? பாங்கிகள், தங்கள் கிரெடிட் கார்டு வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக, விமானக் கம்பெனியிடம் இருந்து மைல்களைக் காசு கொடுத்து வாங்குகின்றன.

கடன் கொடுப்பவரிடம் போகும்போது அது சொத்து. வாடிக்கைக்காரர் கேட்கும்போது அது இனாம்!

இதை அமெரிக்க அரசாங்கமும் கவனித்தது. 2024 செப்டம்பரில் அப்போதைய போக்குவரத்து மந்திரி பீட் புட்டிஜெஜ், 4 பெரிய விமானக் கம்பெனிகளிடம் பரிசுத் திட்டங்கள் பற்றி விவரம் கேட்டு உத்தரவு போட்டார்.

ஏன் முடக்குகிறார்கள்?

எல்லா முடக்கமும் அநியாயம் என்று சொல்ல முடியாது. மோசடி செய்கிறவர்களும் உண்டு. கடை ஊழியரே, புள்ளி அட்டை இல்லாதவர்களின் பில்லில் தன் செல்போன் நம்பரைப் போட்டுப் புள்ளி சேர்ப்பதும் உண்டு. ஒருவரே பல பெயர்களில் கணக்கு தொடங்குவதும் உண்டு. புள்ளிகளைப் பணத்துக்கு விற்பதைப் பெரும்பாலான திட்டங்கள் தடை செய்கின்றன.

ஆனால் குற்றம் செய்யாதவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மகன் மூவரும் ஒரே செல்போன் நம்பரைச் சொல்லிச் சாமான் வாங்குகிறார்கள். ஒரே நாளில் 3 ஊர்களில் பில் விழுகிறது. கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. கணக்கை முடக்கிவிடுகிறது. அது குடும்பம் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

இன்னொருவர் செல்போன் நம்பரை மாற்றுகிறார். கடைக் கணக்கில் பழைய நம்பரே இருக்கிறது. நுழைவதற்கான ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போகிறது. பயன்படுத்தாத நம்பரை டெலிபோன் கம்பெனி சில காலத்துக்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். பிறகு கணக்கின் கதவு யாருக்குத் திறக்கும்?

வாங்கிய பொருளை அடிக்கடி திருப்பி அனுப்புவது, நெடுநாள் கணக்கைத் தொடாமல் இருப்பது, பெயரும் பிறந்த தேதியும் ஓர் இடத்தில் ஒரு விதமாகவும் இன்னோர் இடத்தில் வேறு விதமாகவும் இருப்பது ஆகியவையும் முடக்கத்தைக் கொண்டுவரும்.

முதலில் என்ன செய்வது?

கணக்கு முடங்கிவிட்டதா? பதற வேண்டாம். வரிசையாகச் செய்யுங்கள்.

1. இன்னொரு கணக்கு தொடங்காதீர்கள். "ஒருவருக்கு ஒரு கணக்குதான்" என்பது பல திட்டங்களின் விதி. அவசரப்பட்டு இரண்டாவது கணக்கு தொடங்கினால், இல்லாத குற்றத்தை நீங்களே உண்டாக்கியது ஆகிவிடும்.

2. அத்தாட்சியைச் சேருங்கள். முடக்கம் பற்றி வந்த செய்தியைச் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். கடைசியாகப் புள்ளி எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும் செய்தி இருந்தால் அழிக்க வேண்டாம். பில்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள்.

3. எழுதிக் கேளுங்கள். டெலிபோனில் பேசினால் பேச்சு காற்றோடு போகும். இ-மெயில் அல்லது கடிதம் நிற்கும். 4 கேள்விகள் போதும்: எந்தத் தேதியில் முடக்கினீர்கள்? எந்த நிபந்தனையின் கீழ்? எந்தப் பில், எந்தச் செயலுக்காக? புள்ளி எவ்வளவு நிற்கிறது?

4. உண்மையைச் சொல்லுங்கள். குடும்பத்தார் ஒரே நம்பரைப் பயன்படுத்தி இருந்தால் அதையே எழுதுங்கள். மறைத்துப் பிறகு மாட்டிக்கொள்வதைவிட அது மேல்.

5. கோபம் வேண்டாம். திட்டி எழுதிய கடிதம் எதிராளிக்கே சாட்சி ஆகும். ஜின்ஸ்பர்க் எத்தனை முறை வந்தார் என்பதைக் கம்பெனி எண்ணி வைத்திருந்ததே!

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ஜின்ஸ்பர்க்குக்குக் குறுக்கே வந்த 1978-ம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் கிடையாது. இங்கே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2020 ஜூலை 20-ந் தேதி அது அமலுக்கு வந்தது.

"நியாயமற்ற ஒப்பந்தம்" என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்குகிறது. தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று எழுதுவதும் அதில் ஒன்று. "எங்கள் விருப்பப்படி ரத்து செய்வோம்" என்ற வரியை இங்கே கேள்வி கேட்க முடியும். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை மாநில நுகர்வோர் ஆணையத்திடம் கொண்டுபோக வேண்டும். சேவையில் குறை என்ற புகார் என்றால் மாவட்ட ஆணையம் போதும்.

இணையம் வழியாக வியாபாரம் செய்யும் கம்பெனிகளுக்கு 2020-ம் ஆண்டில் தனி விதிகள் வந்தன. ஒவ்வொரு கம்பெனியும் குறை தீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள், "புகார் கிடைத்தது" என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும்.

பதில் வராவிட்டால்?

தேசிய நுகர்வோர் உதவி டெலிபோன் எண் 1915. அங்கே புகாரைப் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை.

கிரெடிட் கார்டுப் புள்ளி என்றால் முதலில் பாங்கிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் பாங்கியின் குறை தீர்க்கும் அதிகாரியிடம் முறையிடலாம். இதற்கும் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

கடைசி வழி நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

"புள்ளி இனாம்தானே? காசு கொடுத்தா வாங்கினீர்கள்?" என்று கம்பெனி கேட்கும். அப்போது பில்கள் பேச வேண்டும். பில் இல்லாதவர் வாய் திறந்து பயன் இல்லை.

மோசடிக்காரன் வருவான்!

கணக்கு முடங்கிய நேரத்தில்தான் மோசடிக்காரன் கதவைத் தட்டுவான்.

"உங்கள் புள்ளிகள் இன்று இரவோடு காலாவதி ஆகின்றன. கீழே உள்ள செயலியை இறக்குங்கள்" என்று செல்போனுக்குச் செய்தி வரும். பெரிய பாங்கியின் பெயரும் சின்னமும் அதில் இருக்கும். செயலியை இறக்கினால் போச்சு. செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யை எல்லாம் திருடன் படிப்பான். புள்ளி அல்ல, பாங்கியில் உள்ள பணமே போய்விடும்.

2024-ம் ஆண்டில் ஸ்டேட் பாங்கியின் பெயரால் இப்படிப்பட்ட செய்திகள் பரவின. "பரிசுப் புள்ளிக்காக எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப் மூலம் நாங்கள் செயலி அனுப்புவதே இல்லை" என்று பாங்கி எச்சரித்தது.

500 ரூபாய்ப் புள்ளிக்கு ஆசைப்பட்டு 50 ஆயிரம் ரூபாயை இழக்க வேண்டாம். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். நேரம் கடத்தினால் பணம் கை மாறிவிடும்.

சேர்த்து வைப்பது லாபமா?

பாங்கியில் பணம் இருந்தால் வட்டி வளரும். புள்ளிக்கு வட்டி இல்லை. இன்று 1,000 புள்ளிக்குக் கொடுக்கும் பொருளுக்கு, நாளை 1,500 புள்ளி கேட்கலாம். கணக்கு முடங்கலாம். கம்பெனியே மூடிப்போகலாம்.

ஆகவே தீபாவளிக்கு ஆகும், மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று புள்ளியைச் சேர்த்து வைக்க வேண்டாம். சேரச் சேரச் செலவு செய்வதே புத்திசாலித்தனம். இந்த மாத மளிகைப் பில்லில் 50 ரூபாய் குறைந்தால், அந்த 50 ரூபாய் உங்கள் பையில். அதை யாரும் முடக்க முடியாது!

மாதம் ஒரு முறை புள்ளிக் கணக்கைப் பாருங்கள். நம்பர் மாறினால் கடைக்கும் தெரிவியுங்கள். பில்லைக் கசக்கி எறியாதீர்கள்.

ஜின்ஸ்பர்க் பெரிய படிப்புப் படித்தவர். சுப்ரீம் கோர்ட்டு வரை வக்கீல் வைத்து வாதாடியவர். அவருக்கே கணக்கு திரும்பவில்லை. நிபந்தனையில் இருந்த வரி அவரைத் தடுத்தது.

அதே வரி, உங்கள் செல்போனிலும் இருக்கலாம். இன்று மாலை ஒரு முறை திறந்து பாருங்கள்.